ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) அறிக்கையைப் படிப்பது எப்படி? உடலின் அமில–காரச் சமநிலை கெடும் விதங்கள், படிப்படியாக

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பைகார்பனேட் (ரத்தத்தில் அமிலத்தைத் தணிக்கும் காரம்) 32 என்று இருக்கிறது. மூன்று நாளாக வாந்தி எடுத்தவருக்கும் இந்த எண் வரும். பல ஆண்டுகள் பீடி குடித்து நுரையீரல் கெட்டுப்போன பெரியவருக்கும் இதே எண் வரும். முன்னவரின் ரத்தம் காரப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பின்னவருடையது அமிலப் பக்கம். முன்னவருக்கு சலைனும் பொட்டாசியமும் வேண்டும். பின்னவருக்கு மூச்சுக்கு உதவி வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இருவரில் ஒருவருக்குத் தவறான மருத்துவம் நடந்துவிடும்.

இப்படி நடந்தும் இருக்கிறது. 1952 ஆகஸ்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். முதல் மூன்று வாரத்தில் செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் பிழைக்கவில்லை. அவர்கள் ரத்தத்தில் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு (இதில் பெரும்பகுதி பைகார்பனேட்) அளவு மிக அதிகமாக இருந்ததால், காரம் கூடிவிட்டது என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் மட்டும், இது வெளியேற முடியாமல் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு, ரத்தம் உண்மையில் அமிலமாகிக் கிடக்கிறது என்றார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். அதன்பின் மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் பை அமுக்கினார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது. ரத்த வாயுப் பரிசோதனை உலகம் முழுதும் வேரூன்ற இந்த நிகழ்வு ஒரு முக்கியக் காரணம்.

இந்த வழிகாட்டி பயிற்சி மருத்துவர்களையும் ஐசியூ செவிலியர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பெற்றோரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களும் புரிந்துகொள்ளலாம். ஆனால் இதை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எண்களுக்குப் பின்னால் இருப்பவை

நாம் தின்னும் சோறு எரிந்து நாள் ஒன்றுக்குச் சுமார் 15,000 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அதை நுரையீரல் ஊதித் தள்ளுகிறது. புரதம் சிதைவதால் வரும் சல்ஃபூரிக் அமிலம் போன்றவற்றை ஊதித் தள்ள முடியாது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லி ஈக்விவலண்ட் வீதம் அவற்றைச் சிறுநீரகம் கழிக்கிறது. நுரையீரல் நிமிடங்களில் வேகத்தை மாற்றிக்கொள்ளும். சிறுநீரகம் முழுமையாக ஈடுகொடுக்க மூன்று முதல் ஐந்து நாள் எடுக்கும். கோளாறு புதிதா பழையதா என்று பிறகு நாம் கண்டுபிடிக்கப்போவது இந்த வேக வித்தியாசத்தை வைத்துத்தான்.

இயல்பு அளவுகள்: பிஹெச் (குறைந்தால் அமிலம், கூடினால் காரம் என்று காட்டும் அளவு) 7.35 முதல் 7.45, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம், பைகார்பனேட் லிட்டருக்கு 22 முதல் 26 மில்லி ஈக்விவலண்ட். கணக்குப் போடும்போது 7.40, 40, 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு 30 அளவிலும் பைகார்பனேட் 20 அளவிலும் இருப்பதே இயல்பு. பிரசவ வார்டில் ஆஸ்துமாவோடு வந்த பெண்ணுக்கு 40 என்று வந்தால் அவர் களைத்துப்போகிறார் என்று அர்த்தம்.

ஒரு சொல் வேறுபாட்டையும் இங்கேயே பிரித்துக்கொள்வது நல்லது. ரத்தத்தின் பிஹெச் 7.35-க்குக் கீழே இறங்கிய நிலை அசிடீமியா. பிஹெச்சைக் கீழே இழுக்கும் கோளாறு அசிடோசிஸ், மேலே இழுப்பது ஆல்கலோசிஸ். கோளாறு மூச்சால் வந்தால் ரெஸ்பிரேட்டரி, மற்ற வழிகளில் வந்தால் மெட்டபாலிக். ஒருவர் உடலில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோளாறுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கலாம். ஆனால் பிஹெச் ஒன்றுதான்.

ரத்தம் எடுக்கும்போதே வரும் பிழைகள்

கணக்கில் கெட்டிக்காரராக இருந்தாலும் மாதிரி கெட்டிருந்தால் பயனில்லை. மணிக்கட்டின் ரேடியல் தமனியில் எடுப்பதே வழக்கம். முன்பே ஆலன் சோதனை செய்து, மறு தமனி கையைக் காப்பாற்றுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்தபின் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு இன்னும் கூடுதல் நேரம்.

சிரிஞ்சில் திரவ ஹெப்பாரின் (ரத்தம் உறையாமலிருக்கச் சேர்ப்பது) அதிகம் தங்கினால் ரத்தம் நீர்த்து, கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் பொய்யாகக் குறையும். இல்லாத மெட்டபாலிக் அசிடோசிஸை அறிக்கை காட்டும். உட்புறம் நனைந்தால் போதும், மீதியை வெளியேற்றிவிடுங்கள். காற்றுக்குமிழி இருந்தால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து பிஹெச் ஏறும். மாதிரி மேசையில் கிடந்தால் ரத்த அணுக்கள் ஆக்சிஜனைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். அரை மணிக்குள் கருவிக்குப் போய்விட வேண்டும். வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் உள்ள ரத்தப் புற்று நோயாளியின் மாதிரிக்கு அந்த அரை மணியும் அதிகம்.

சிரை ரத்தமும் பல இடங்களில் போதும். அதில் பிஹெச் சுமார் 0.03 குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு 4 முதல் 6 வரை அதிகமாகவும் இருக்கும். சர்க்கரை கீட்டோஅசிடோசிஸில் (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் சேரும் நிலை) இரண்டு மணிக்கொருமுறை தமனியில் குத்தி நோயாளியை வதைக்கத் தேவையில்லை.

முதல் படி: மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா?

ஹைட்ரஜன் அயனி = 24 × கார்பன் டை ஆக்சைடு ÷ பைகார்பனேட். விடை லிட்டருக்கு நானோமோலில் வரும். பிஹெச் 7.40 என்றால் 40. அதற்குப் பக்கத்தில் ஒரு குறுக்குவழி உண்டு: 80-லிருந்து பிஹெச்சின் புள்ளிக்குப் பிந்தைய இரண்டு இலக்கத்தைக் கழியுங்கள். 7.30-க்கு 50, 7.35-க்கு 45. இந்த வழி 7.25 முதல் 7.50 வரை நன்றாக ஒத்துப்போகும். அதற்குக் கீழே 7.20-க்கு 63, 7.10-க்கு 79, 7.00-க்கு 100.

சமன்பாட்டின் விடையும் பிஹெச்சும் வெகுவாக விலகினால் எண்ணை எழுதியதிலோ தட்டச்சிலோ தவறு. தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்ட அறிக்கைகளில் இது அடிக்கடி நடக்கும்.

இரண்டாம் படி: முதன்மைக் கோளாறு எது?

பிஹெச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு, அந்தச் சாய்வுக்குக் காரணமாகக்கூடியது கார்பன் டை ஆக்சைடா பைகார்பனேட்டா என்று கேளுங்கள். பிஹெச் குறைவு, பைகார்பனேட்டும் குறைவு என்றால் மெட்டபாலிக் அசிடோசிஸ். பிஹெச் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம் என்றால் ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸ். பிஹெச் கூடி பைகார்பனேட்டும் கூடியிருந்தால் மெட்டபாலிக் ஆல்கலோசிஸ். பிஹெச் கூடி கார்பன் டை ஆக்சைடு குறைந்திருந்தால் ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ்.

பிஹெச் 7.40 என்று அழகாக இருந்து மற்ற இரண்டும் விலகியிருந்தால் நிம்மதி அடையாதீர்கள். உடல் தானாக ஈடுகட்டும்போது பிஹெச்சை இயல்புக்கு அருகே கொண்டுவரும். கோட்டைத் தாண்டி மறுபக்கம் தள்ளாது. நட்டநடுவில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டு கோளாறுகள் எதிரெதிராக இழுக்கின்றன.

மூன்றாம் படி: ஈடுகட்டுதல் போதுமா?

அதிகம் தவறவிடப்படும் படி இதுதான். ஒவ்வொரு கோளாறுக்கும் உடல் எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்கு மேலோ கீழோ இருந்தால் இரண்டாவது கோளாறு ஒன்று ஒளிந்திருக்கிறது.

- மெட்டபாலிக் அசிடோசிஸ்: எதிர்பார்க்கும் கார்பன் டை ஆக்சைடு = (1.5 × பைகார்பனேட்) + 8. இரண்டு கூடக் குறைய இருக்கலாம். வின்டர்ஸ் சூத்திரம் என்பது இதுதான்.
- மெட்டபாலிக் ஆல்கலோசிஸ்: எதிர்பார்க்கும் கார்பன் டை ஆக்சைடு = (0.7 × பைகார்பனேட்) + 20. ஐந்து வரை விலகலாம்.
- ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸ்: கார்பன் டை ஆக்சைடு 10 கூடினால் பைகார்பனேட் புதிய கோளாறில் 1 கூடும், பழையதில் 3.5 முதல் 4.
- ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ்: 10 குறைந்தால் புதியதில் 2 குறையும்; பழையதில் 4 முதல் 5.

உயிர் போகும் இடம் ஒன்றைப் பாருங்கள். கீட்டோஅசிடோசிஸோடு வந்தவருக்குப் பிஹெச் 7.02, பைகார்பனேட் 8, கார்பன் டை ஆக்சைடு 32. இயல்புக்குக் கீழே இருப்பதால் மூச்சு ஈடுகட்டுகிறது என்று தோன்றும். வின்டர்ஸ் கணக்குப்படி 20 இருக்க வேண்டும். 12 அதிகம். அவர் மூச்சு வாங்கி வாங்கித் தளர்ந்துவிட்டார். கார்பன் டை ஆக்சைடு 20 ஆக இருந்திருந்தால் பிஹெச் 7.2-க்கு மேல் இருந்திருக்கும்.

இப்படிப்பட்டவரை மயக்கி வென்டிலேட்டரில் போட நேர்ந்தால், கருவியில் மூச்சு எண்ணிக்கையை வழக்கமான 14-ல் வைத்துவிடுவது பெருந்தவறு. அதுவரை நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சுவிட்டுத் தன்னைத் தாங்கிக்கொண்டிருந்தவர் அவர். குழாய் செருகும் அந்த ஓரிரு நிமிட இடைவெளியிலும் பிஹெச் சரிந்து இதயம் நிற்கலாம். முன்பு அவர் விட்ட வேகத்துக்கு ஈடாகக் கருவியை அமைத்து, சீக்கிரமே மறுபடி ரத்த வாயுவைப் பாருங்கள்.

நான்காம் படி: அனயான் கேப்

ரத்தத்தில் நேரடியாக அளக்காத எதிர்மின் அயனிகளின் அளவு இது. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழியுங்கள். 8 முதல் 12 வரை இயல்பு. பிஹெச் எப்படி இருந்தாலும் எல்லா அறிக்கைக்கும் இதைக் கணக்கிட வேண்டும்.

அந்த இடைவெளியின் பெரும்பகுதி அல்புமின் என்ற ரத்தப் புரதம். எனவே அல்புமின் 4 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 2.5 கூட்டிக்கொள்ளுங்கள். கல்லீரல் கெட்டு அல்புமின் 2 ஆகிவிட்டவருக்கு 12 என்று வரும் கேப் உண்மையில் 17. ஐசியூ நோயாளிகளில் பாதிக் கோளாறுகள் தப்பிப்போவது இந்தத் திருத்தத்தை விடுவதால்தான் என்று சொன்னாலும் மிகையில்லை.

கேப் கூடியிருந்தால் புதிதாக ஓர் அமிலம் உள்ளே வந்திருக்கிறது. லாக்டிக் அமிலம், கீட்டோன்கள், சிறுநீரகம் கழிக்காமல் விட்ட அமிலங்கள், மெத்தனால், எத்திலீன் கிளைக்கால், ஆஸ்பிரின், நீண்டநாள் பாராசிட்டமால் எடுத்து மெலிந்தவர்களுக்குச் சேரும் ஆக்ஸோபுரோலின் ஆகியவைதான் பட்டியல். இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, சர்க்கரை அதிகம் ஏறாத கீட்டோஅசிடோசிஸ். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இன்று ஏராளமானோர் எடுக்கிறார்கள். இவர்களுக்குச் சர்க்கரை 180 இருக்கும்போதே ரத்தம் கீட்டோனால் அமிலமாகலாம். விரதம், அறுவை சிகிச்சைக்கு முந்தைய பட்டினி, வாந்தி, இன்சுலினைத் திடீரென்று நிறுத்துவது ஆகியவை தூண்டும். "சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவதே வழக்கமான பிழை. சிறுநீர்ப் பட்டையை மட்டும் நம்பவும் கூடாது. அது அசிட்டோஅசிட்டேட்டைத்தான் காட்டும். இந்த நோயில் மிகுந்திருப்பது பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட். அதை ரத்தத்தில் அளக்க வேண்டும். இந்த மாத்திரைகளை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது, மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் விஷச் சாராயம் குடித்தவர்களைக் கொன்றது இதுவே. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் தானே அமிலம் அல்ல. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாக்கி, பிறகு ஃபார்மிக் அமிலமாக்குகிறது. கண் நரம்பை எரிப்பதும் உயிரை எடுப்பதும் அந்த ஃபார்மிக் அமிலம். அதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம், கூடவே சாதா மதுவும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே குடித்த சில மணி நேரத்தில் வந்தவரின் பிஹெச்சும் அனயான் கேப்பும் இயல்பாகவே இருக்கும். அப்போது ஆஸ்மோலால் கேப் பார்க்க வேண்டும்: (2 × சோடியம்) + (சர்க்கரை ÷ 18) + (யூரியா ÷ 6). கருவி அளந்த ஆஸ்மோலாலிட்டி (கரைந்திருக்கும் துகள்களின் செறிவு) இந்தக் கணக்கைவிட 10-க்கு மேல் கூடினால் சந்தேகம். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் யூரியா நைட்ரஜனை 2.8-ஆல் வகுக்கச் சொல்லியிருக்கும். நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் முழு யூரியாவைத் தருவதால் 6-ஆல் வகுக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டால் விடை தவறிவிடும். நேரம் ஆக ஆக ஆஸ்மோலால் கேப் சுருங்கும், அனயான் கேப் விரியும். பின்னால் வந்தவருக்கு முதலாவது இயல்பாக இருப்பதை வைத்து மெத்தனால் இல்லை என்று சொல்லக் கூடாது. ஃபோமிபிசோல் அல்லது எத்தனால் கொடுத்துக் கல்லீரலின் நொதியை மறிப்பது, ஃபோலினிக் அமிலம், டயாலிசிஸ் என்று சிகிச்சை ஓடும். பார்வை மங்குகிறது, பனிமூட்டமாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னாலே அது தொடங்கிவிட வேண்டும்.

கேப் இயல்பாக இருந்து பைகார்பனேட் குறைந்திருந்தால், பைகார்பனேட் எங்கோ வெளியேறி அந்த இடத்தைக் குளோரைடு நிரப்பியிருக்கிறது. வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் குழல் அசிடோசிஸ், அளவுக்கு மீறிய நார்மல் சலைன் ஆகியவையே முக்கியக் காரணங்கள். சலைனில் சோடியமும் குளோரைடும் தலா 154. ரத்தத்தில் குளோரைடு 100 அளவுதான். நான்கைந்து லிட்டர் ஓடினால் அமிலம் ஏறத்தான் செய்யும். தமிழ்நாடு, புதுச்சேரி கிராமங்களில் ஒடுவந்தழை விஷத்தோடு வருபவர்களும் இந்த வகையில் சேர்வார்கள். சிறுநீரகக் குழல் பழுதாகிப் பொட்டாசியம் கொட்டிவிடும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். வந்தபோது தெம்பாக இருக்கிறார் என்பதற்காக ஈசிஜி கண்காணிப்பைக் கழற்ற வேண்டாம்.

குடலா சிறுநீரகமா என்று பிரிக்க, சிறுநீரில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டிக் குளோரைடைக் கழியுங்கள். எதிர்மறையாக வந்தால் சிறுநீரகம் அம்மோனியத்தை ஒழுங்காக வெளியேற்றுகிறது, குற்றம் குடலில். நேர்மறையாக வந்தால் சிறுநீரகக் குழலைச் சந்தேகிக்கலாம்.

ஐந்தாம் படி: கேப்பின் ஏற்றமும் பைகார்பனேட்டின் இறக்கமும்

கேப் கூடியவர்களுக்கு மட்டும் இந்தப் படி. கேப் 12-க்கு மேல் எவ்வளவு ஏறியது, பைகார்பனேட் 24-லிருந்து எவ்வளவு இறங்கியது? முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். 1 முதல் 2 வரை வந்தால் அமிலம் சேர்ந்த கோளாறு ஒன்றே. 1-க்குக் கீழே என்றால் பைகார்பனேட் வேறு வழியிலும் போகிறது. 2-க்கு மேல் என்றால் கூடவே ஆல்கலோசிஸ் இருக்கிறது.

பிஹெச் 7.32, கார்பன் டை ஆக்சைடு 32, பைகார்பனேட் 16, சோடியம் 136, குளோரைடு 88 என்று ஓர் அறிக்கை. பார்க்க மிதமான அசிடோசிஸ் போலிருக்கும். வின்டர்ஸ் கணக்கு 32, பொருந்துகிறது. கேப் 32! ஏற்றம் 20, பைகார்பனேட் இறக்கம் 8 மட்டுமே, விகிதம் 2.5. கீட்டோன் சேர்வதற்கு முன் இவர் பைகார்பனேட் 36 அளவில் இருந்திருக்க வேண்டும். நாலைந்து நாள் வாந்தி எடுத்து, பிறகு கீட்டோஅசிடோசிஸ் வந்த சர்க்கரை நோயாளியின் அறிக்கை இப்படித்தான் இருக்கும். 7.32-ஐ நம்பிச் சாதாரண வார்டுக்கு அனுப்பினால் கடுமையான கீட்டோஅசிடோசிஸைக் கோட்டைவிட்டதாகும்.

இன்னொன்று: பிஹெச் 7.40, கார்பன் டை ஆக்சைடு 20, பைகார்பனேட் 12, சோடியம் 140, குளோரைடு 102. கேப் 26. வின்டர்ஸ்படி கார்பன் டை ஆக்சைடு 26 இருக்க வேண்டும், 20-தான் இருக்கிறது. லாக்டிக் அசிடோசிஸும் ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸும் சேர்ந்த செப்சிஸ் (கடும் தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளியிடம் இதை எதிர்பார்க்கலாம். ஆஸ்பிரின் விஷத்திலும் இதே கோலம் வரும்.

மற்ற மூன்று வகைகள்

ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸில் முதல் கேள்வி, புதிதா பழையதா என்பதே. கார்பன் டை ஆக்சைடு 60 உள்ள இருவரை ஒப்பிடுங்கள். ஒருவருக்குப் பிஹெச் 7.26, பைகார்பனேட் 26. இது இன்று தொடங்கியது. மற்றவருக்கு 7.34, 31, இவர் பல வாரமாக இப்படியே வாழ்கிறார். முன்னவர் கட்டுவிரியனோ நல்ல பாம்போ கடித்தவராக, பூச்சிமருந்து விஷம் ஏறியவராக, தூக்க மருந்து அதிகமானவராக இருக்கலாம். தசை செயலிழக்கும் நோயாளிக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம், அது கடைசியில்தான் ஏறும். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பாருங்கள். 20-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது விரல் கருவி 98 காட்டுவதும் இங்கே காப்பாற்றாது. மூச்சு மந்தமாகிக் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை அந்தக் கருவி காட்டாது. பழைய நுரையீரல் நோயாளிக்கு ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 சதவீதம்.

ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ் என்றதும் பயம், பதற்றம் என்று எழுதிவிடுவார்கள். விரல்கள் மரத்து இழுத்துக்கொள்வது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, இவை அயனிக் கால்சியம் குறைவதால் வருபவை. ஆனால் செப்சிஸின் தொடக்கமும், நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டியும், கல்லீரல் நோயும் இதே முகத்தோடு வரும். காகிதப் பையில் மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள். ரத்தக்கட்டியோ மாரடைப்போ உள்ளவருக்கு அது ஆக்சிஜனைப் பறிக்கும்.

மெட்டபாலிக் ஆல்கலோசிஸுக்கு ஒரே ஒரு பரிசோதனை பாதி வேலையை முடித்துவிடும்: சிறுநீர்க் குளோரைடு. 20-க்குக் கீழே என்றால் வாந்தியோ, வயிற்று நீர் உறிஞ்சலோ, முன்பு எடுத்த நீர்மாத்திரையோ. சலைனும் பொட்டாசியம் குளோரைடும் கொடுத்தால் திரும்பும். 40-ஐத் தாண்டினால் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் மிகுதி, பார்ட்டர், ஜிட்டல்மன் என்ற பரம்பரைச் சிறுநீரகக் கோளாறுகள், அல்லது நீர்மாத்திரை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. குளோரைடு இல்லாமல் சிறுநீரகத்தால் பைகார்பனேட்டை வெளியேற்ற முடியாது. எனவே பொட்டாசியத்தைச் சிட்ரேட்டாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். பிறந்து சில வாரங்களில் பீய்ச்சி அடித்து வாந்தி எடுக்கும் பைலோரிக் அடைப்பு (இரைப்பையின் வெளிவாய் அடைப்பு) உள்ள குழந்தைக்கும் இதே விதி. அவசரம் திரவத்துக்குத்தான், கத்திக்கு அல்ல. பைகார்பனேட் 30-க்குக் கீழே வரும்முன் மயக்கம் கொடுத்தால் குழந்தை மூச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

பைகார்பனேட் ஊசியை எடுக்கும் முன்

7.5 சதவீத சோடியம் பைகார்பனேட்டில் ஒரு மில்லிக்குச் சுமார் 0.9 மில்லி ஈக்விவலண்ட் இருக்கிறது. போட்டதும் அது கார்பன் டை ஆக்சைடாக மாறும், அதை ஊதித் தள்ள நுரையீரலுக்குத் தெம்பு வேண்டும். மூச்சு தளர்ந்தவருக்குப் போட்டால் அமிலத்தை வேறொரு வழியில் ஏற்றியதாகிவிடும். பொட்டாசியமும் அயனிக் கால்சியமும் இறங்கும். கீட்டோஅசிடோசிஸில் பிஹெச் 7.0-க்கு மேல் இருந்தால் அது தேவைப்படாது. இன்சுலின் கீட்டோனை எரித்து உடலே பைகார்பனேட்டைத் தயாரித்துக்கொள்ளும். அந்த இன்சுலினையும் பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் தொடங்கக் கூடாது, முதலில் பொட்டாசியத்தை ஏற்ற வேண்டும். மாறாக, வயிற்றுப்போக்கிலோ சிறுநீரகக் குழல் கோளாறிலோ பைகார்பனேட் உண்மையாகவே வெளியேறிவிட்டது. அங்கே திருப்பிக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

சிகிச்சை தொடங்கியபின் இரண்டு மணி நேரத்தில் மறுபடி அளந்து, எல்லாப் படிகளையும் திரும்பப் போடுங்கள். கீட்டோஅசிடோசிஸில் இரண்டாம் நாள் ஒரு குழப்பம் வரும். நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார், பைகார்பனேட்டோ 16-லேயே நிற்கிறது. கீட்டோன் இன்னும் இருக்கிறது என்று இன்சுலின் சொட்டை நீட்டிக்கொண்டே போவார்கள். கேப்பைக் கணக்கிடுங்கள். அது 10-க்கு வந்து, குளோரைடு 114-ல் இருந்தால், ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டும் இறங்கியிருந்தால், கீட்டோன் போய்விட்டது. மிச்சம் இருப்பது நாம் ஏற்றிய சலைனின் குளோரைடு. சொட்டை நிறுத்தும் முன் நீண்டநேர இன்சுலினைத் தோலடியில் போட்டு, இரண்டு மணி நேரம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். திரவம் இன்னும் தேவைப்பட்டால் ரிங்கர் லாக்டேட்டுக்கு மாற்றுங்கள். குளோரைடைச் சிறுநீரகம் ஓரிரு நாளில் தானே கழித்துவிடும்.